தைக்காட்டு இசைக் கல்லூரியின் முதல் ஆசான்

தம்பானூரில் ரயிலையோ பஸ்ஸையோ விட்டு இறங்கித் தைக்காடு பக்கமாக நடந்து வேலைக்குப் போகிறவர்கள் நம்மவரில் நிறையப் பேர் உண்டு. சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதுகிறவர்கள், சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாக்கள், கட்டட வேலைக்கு வந்த கொத்தனார்கள் என்று யாராக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் அந்த வழியே போயிருப்பீர்கள். அங்கே இருக்கும் ஸ்ரீ சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியையும் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். உள்ளே போகவேண்டிய வேலை நமக்கு இருந்திராது. ஆனால் 1939-ம் ஆண்டு அந்த நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் நம் ஊர்ப்பக்கத்து மனிதர். திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணி பாயும் பூமியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் என்றால் சங்கீத ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மற்றவர்களுக்கு அது ரேடியோவில் பாட்டு தொடங்குமுன் அறிவிப்பாளர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகும் பெயர்களில் ஒன்று, அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயர் தெரியாதவர் கிடையாது. அந்த மன்னரின் பாட்டுகளை இன்று ஊரெல்லாம் பாடுவதற்குப் பாடுபட்டவர்களில் முதல்வரிசையில் நிற்கும் பாகவதரின் பெயரைத் தெருவில் நிறுத்திக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் அதிகம். அடுத்தவர் வீட்டு விளக்கைத் தூண்டிவிட்டவர்களுக்கு வழக்கமாக நேர்வதுதான் இது.

தந்தையை இழந்த பையன்

1877-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி முத்தையா பிறந்தார். தந்தை லிங்கம் ஐயர் வித்வான்களை ஆதரித்தவர். வீட்டில் சங்கீதம் கேட்டு வளர வேண்டிய பிள்ளைக்கு ஆறு வயதிலேயே தந்தை போய்விட்டார். தாய்மாமன் லட்சுமண சூரி பையனைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வேதமும் சமஸ்கிருதமும் சொல்லிக்கொடுத்தார். பையனின் மனம் ஏட்டில் நிற்கவில்லை. பத்து வயதில் ஊரை விட்டுப் புறப்பட்டான், குருவைத் தேடி.

அந்தக் காலத்தில் சங்கீதம் கற்க வேண்டுமானால் தஞ்சைச் சீமைக்குத்தான் போகவேண்டும். காவிரிக்கரையில் பதினைந்து மண்டபம் சாம்பசிவ ஐயர் என்ற வித்வானிடம் முத்தையா போய்ச் சேர்ந்தான். ஒன்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தான். குருகுலவாசம் என்று இப்போது பெருமையாகச் சொல்லுகிறோமே, அது லேசான சமாசாரம் அல்ல. குரு வீட்டில் தண்ணீர் எடுத்து, துணி துவைத்து, கடைக்குப் போய்வந்து, அவருக்கு மனம் வரும் நேரத்தில் சொல்லிக்கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். பாடத்திட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. ஒரு பாடாந்தரம் நாலு நாளில் வரும். நாலு மாதமும் ஆகும். இந்த முறையில் வளர்ந்தவர்தான் பின்னால் மணி அடித்து வகுப்பு நடத்தும் சங்கீதக் கல்லூரிக்குத் தலைவரானார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாம்பசிவ ஐயரின் மகன் சபேச ஐயரும் பிற்காலத்தில் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஒரே திண்ணையில் இருந்து இரண்டு கல்லூரிகளுக்குத் தலைவர்கள்!

நல்ல கனமான குரல். வாய்ப்பாட்டோடு நில்லாமல் கோட்டு வாத்தியமும் மிருதங்கமும் அவருக்குக் கைவந்தன. ஆளும் கம்பீரமாக இருப்பார். பழைய புகைப்படங்களில் கோட்டும் தலைப்பாகையும் பதக்கங்களுமாக அவர் உட்கார்ந்திருக்கும் தோரணையைப் பார்த்தால் யாரோ ஜமீன்தார் என்றே தோன்றும்.

மலையைத் தாண்டி

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது திருவனந்தபுரத்துக்கு ரயில் கிடையாது. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் வந்ததே 1904-ல்தான். அது திருவனந்தபுரம் வரை நீண்டது 1918-ல். நெல்லையிலிருந்து வருகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, நாகர்கோவில், தக்கலை வழியே வண்டி கட்டிக்கொண்டு வரவேண்டும். ஆரல்வாய்மொழி தாண்டினால் திருவிதாங்கூர் ராஜ்யம். நாஞ்சில் நாடு முழுக்க, 1956 நவம்பர் வரை, இந்தப் பக்கத்து மன்னருக்கும் பிறகு இந்தப் பக்கத்து சர்க்காருக்கும் உட்பட்டே இருந்தது. நாகர்கோவில் ரயிலில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்து சேருகிற நமக்கு அந்த வண்டிப் பயணத்தின் நீளம் புரியாது.

அந்தப் பாதையில் வித்வான்கள் வருவது புதிதல்ல. சுவாதித் திருநாள் ஆண்ட காலத்திலேயே தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இங்கே வந்து, மன்னரிடம் 1834-ல் தந்தத்தால் செய்த பிடில் பரிசு பெற்றார். பாபநாசம் சிவன் சிறுவனாக வந்து, இங்கே சமஸ்கிருதம் படித்து, நீலகண்ட சிவனின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். தமிழ்ப் பாட்டுகள் இயற்றிய லட்சுமண பிள்ளை இந்த ஊர்க்காரரேதான். ஆகவே முத்தையா பாகவதர் வந்தபோது ஊர் அவரை அந்நியராகப் பார்த்திருக்க முடியாது. அப்போது மன்னராக இருந்த மூலம் திருநாள் அவருடைய தானத்தைக் கேட்டு மகிழ்ந்து மரியாதை செய்தார். பாட்டின் சொற்களும் இல்லாமல், தாளக் கட்டும் இல்லாமல், ஆனால் ஒரு துள்ளு நடையோடு ராகத்தை விரித்துக்கொண்டு போவதற்குத் தானம் என்று பெயர். குரலில் வலுவும் மூச்சில் நீளமும் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

ஆனால் அவரை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது அரண்மனைக் கச்சேரி அல்ல, ஹரிகதை. வள்ளி கல்யாணம், தியாகராஜ சுவாமிகளின் சரித்திரம் போன்ற கதைகளை எடுத்துக்கொண்டு, பாட்டும் வசனமும் சிரிப்புமாக மணிக்கணக்கில் நடத்துவார். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாகவதர் என்ற சொல் அங்கிருந்து வந்தது. கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு ராகம் தெரிந்திருக்கும். கதை கேட்க வருகிறவர்களோ வயலிலிருந்தும் கடையிலிருந்தும் வந்து உட்காருகிறவர்கள். கொஞ்சம் சலித்தால் எழுந்து போய்விடுவார்கள். அவர்களை விடியும்வரை கட்டிப்போடத் தெரிந்தவருக்கு ஒரு வகுப்பை நடத்துவது பெரிய காரியம் அல்ல என்பது என் எண்ணம். வாத்தியாருக்கு வேண்டிய முதல் வித்தையை அவர் கதைமேடையில்தான் கற்றிருக்க வேண்டும்.

மதுரையில் பாடம் சொன்ன காலம்

திருவனந்தபுரத்துக் கல்லூரிக்கு முன்பே அவர் மதுரையில் தியாகராஜ சங்கீத வித்யாலயம் என்ற பெயரில் ஒரு பள்ளி நடத்தினார். அங்கே படித்த பையன்களில் ஒருவன் மணி. பின்னால் மதுரை மணி ஐயர் என்று தென்னாடு முழுக்கப் புகழ்பெற்றவர் அவர்தான். ஸ்வரங்களைக் கோத்துக் கோத்து வீசும் மணி ஐயரின் பாட்டை வித்வான்கள் ரசித்தார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கச்சேரிப் பந்தலுக்கு வெளியே தெருவில் நின்ற ரிக்ஷாக்காரரும் ரசித்தார் என்று அவரைக் கேட்டவர்கள் சொல்லுவார்கள். 1968-ல் அவர் காலமாகும்வரை கச்சேரியின் கடைசியில் ஜனங்கள் கேட்டு வாங்கும் ஓர் உருப்படி இருந்தது. இங்கிலீஷ் நோட்டு என்று அதற்குப் பெயர். அதை அமைத்தவர் குரு முத்தையா பாகவதர்.

மேனாட்டு பாண்டு வாத்தியக்காரர்கள் அணிவகுத்து வாசிக்கும் நடை இருக்கிறதே, அந்த மிடுக்கைச் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் அப்படியே இறக்கியிருப்பார். மேனாட்டாரின் ஆதார ஸ்வர வரிசையும் நம் சங்கராபரணமும் ஏறக்குறைய ஒன்றே ஆகையால் இது பொருந்தி வந்தது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் முத்துஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்கார மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதியதுண்டு. பாகவதரோ மெட்டையே புதிதாகப் போட்டார். கல்யாண வீட்டில் நாகசுரக்காரர் இதை எடுத்தால் இலை போடும் பையனின் காலும் ஒரு கணம் தாளம் போடும்.

சென்னை மியூசிக் அகாடமி 1930-ல் நடத்திய மாநாட்டுக்கு அவரே தலைவர். சங்கீத கலாநிதி என்ற பட்டம் பின்னால் 1942-ல் ஏற்பட்டபோது முந்தைய தலைவர்களுக்கும் அது வழங்கப்பட்டது. அந்த வகையில் அவரும் கலாநிதி ஆனார்.

மைசூரில் நூற்றெட்டு

1927-ல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரைத் தம் ஆஸ்தானத்தில் சேர்த்துக்கொண்டார். மன்னர் லேசுப்பட்ட ரசிகர் அல்ல. தாமே பல வாத்தியங்கள் வாசிப்பார். கர்நாடக சங்கீதத்தோடு ஹிந்துஸ்தானியும் மேனாட்டு இசையும் அந்த அரண்மனையில் ஒலித்தன. அங்கே பாகவதர் செய்த பெரிய காரியம், சாமுண்டேஸ்வரியின் நூற்றெட்டு நாமங்களுக்கும் நாமத்துக்கு ஒன்றாக நூற்றெட்டுக் கீர்த்தனங்கள் இயற்றியது. அதுவும் கன்னடத்தில். கன்னடப் பண்டிதரின் துணையை வைத்துக்கொண்டு செய்தார். ஐம்பது வயதில் ஒரு மனிதர் தாய்மொழி அல்லாத மொழியில் இவ்வளவு செய்ய உட்கார்ந்தது, வந்த ஊரில் மலையாளம் பழகிக்கொண்டு ஆபீஸ் பைல் எழுதும் நம் குமாஸ்தாக்களுக்குப் புரியும் சமாசாரம்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம் ஆகிய நான்கிலும் சேர்த்து அவர் இயற்றிய உருப்படிகள் நானூறுக்கு மேல் என்று கணக்கு.

பழைய ராகங்களோடு அவர் திருப்திப்படவில்லை. மோகனமாக ஏறிக் கல்யாணியாக இறங்கும் மோகன கல்யாணி என்ற ராகம் அவர் கையால் வந்தது. இரண்டு ராகமும் எல்லோருக்கும் தெரிந்தவை. சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர் அவர். கர்ணரஞ்சனி, புதமனோகரி, பசுபதிப்ரியா என்று இப்படி இருபதுக்குக் குறையாமல் உண்டு. இவற்றில் வேடிக்கையானது நிரோஷ்டா. ச, ரி, க, ம, ப, த, நி என்று ஏழு ஸ்வரங்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மகரமும் பகரமும் சொல்லும்போதுதான் உதடு ஒட்டும். அந்த இரண்டையும் நீக்கிவிட்டு மீதி ஐந்தால் ஒரு ராகம். அதற்கு உதடு ஒட்டாத எழுத்துகளாகவே பொறுக்கிப்போட்டு ஒரு சாகித்யம். பாட்டு முடியும்வரை பாடுகிறவரின் உதடுகள் ஒன்றை ஒன்று தொடா. வித்தை காட்டுவதற்காக மட்டும் செய்திருந்தால் அது அன்றோடு போயிருக்கும். கேட்க இனிமையாகவும் இருப்பதால் நிலைத்துவிட்டது.

எங்கே இருந்தாலும் தம் பாட்டுகளில் ஹரிகேச என்று ஊர்ப்பெயரையே முத்திரையாக வைத்தார். மைசூர் மன்னருக்குப் பாடினாலும் சரி, கன்னடத்தில் பாடினாலும் சரி, தாமிரபரணிக் கரைச் சிற்றூர் அதில் இருக்கும். நாம் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்தைச் சுமந்துகொண்டு திரிகிற மாதிரி.

மன்னரின் பாட்டுக்கு மெட்டு தேடி

சுவாதித் திருநாள் 1813-ல் பிறந்து 1846-ல், முப்பத்து மூன்றே வயதில் மறைந்த மன்னர். சமஸ்கிருதம், மணிப்பிரவாளம், ஹிந்துஸ்தானி என்று பல மொழிகளில் நூற்றுக்கணக்கான பாட்டுகள் அவருடையவை. ஆனால் அவர் மறைந்து ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை போவதற்குள் நிலைமை என்ன ஆயிற்று என்றால், சொற்கள் இருந்தன, மெட்டு மறைந்துகொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிதம்பர வாத்தியார் என்பவர் பாட்டுகளைத் தேடி நூலாக அச்சிட்டார். ராகம் இன்னது, தாளம் இன்னது என்று தலைப்பில் போட்டிருக்கும். அதைக்கொண்டு பாடமுடியாது. கல்யாணி என்று போட்டிருந்தால் கல்யாணியில் எந்த வழியே போவது? ஸ்வரக் குறிப்பு இல்லாத பாட்டு, முகவரி இல்லாத கடிதம் மாதிரி.

1931-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா பட்டத்துக்கு வந்தார். அவருடைய தாயார் சேது பார்வதி பாய் வீணை கற்றவர், சங்கீதத்தில் ஆழ்ந்த ஈடுபாடுள்ளவர். முன்னோரின் பாட்டுகளை மீட்க வேண்டும் என்று முனைந்தபோது இவர்கள் அழைத்தது முத்தையா பாகவதரை. பாகவதருக்கு அப்போது வயது அறுபதை ஒட்டி இருக்கும். கூடவே, முப்பது வயதை ஒட்டிய இளைஞர் செம்மங்குடி சீனிவாச ஐயரும் வந்து சேர்ந்தார்.

வேலை என்னவென்றால், பத்மநாப சுவாமி கோயிலில் பரம்பரையாகப் பாடிவந்த முல்லமூடு பாகவதர்களிடம் போய்க் கேட்பது. நாகசுரக்காரர்களிடமும் நட்டுவாங்கம் அறிந்தவர்களிடமும் கேட்பது. கிடைத்ததை ஸ்வரப்படுத்தி எழுதுவது. அரைகுறையாகக் கிடைத்ததைச் சீர்செய்வது. ஒன்றுமே கிடைக்காத பாட்டுகளுக்கு, மன்னரின் காலத்துப் பாணி கெடாமல் தாமே மெட்டுப் போடுவது. முதல் இரண்டும் உழைப்பு. கடைசி ஒன்று துணிச்சல்.

அந்தத் துணிச்சலால்தான் பின்னால் வம்பு வந்தது. 1980-களில் வீணை எஸ். பாலசந்தர் பெரிய போர்க்கொடி தூக்கினார். மன்னர் பாட்டே இயற்றவில்லை, எல்லாம் பிற்காலத்து வித்வான்களின் கைவேலை என்பது அவர் கட்சி. பத்திரிகைகளில் அனல் பறந்தது. பழைய ஏடுகளும் பழைய அச்சு நூலும் இருக்கும்போது சாகித்யத்தையே மறுப்பது அதிகப்படி. ஆனால் மெட்டில் எது பழசு, எது புதுசு என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இராமாயணம் முழுவதையும் சுருக்கிச் சொல்லும் மன்னரின் நீண்ட கீர்த்தனம் ஒன்று உண்டு. முதலில் சாவேரி ஒன்றிலேயே இருந்ததை ராகமாலிகையாக மாற்றி அமைத்தவர் செம்மங்குடி. இன்று அது உலகமெங்கும் ராகமாலிகையாகத்தான் பாடப்படுகிறது. இது காதால் கேட்டு எழுதியது, இது நான் போட்டது என்று ஒவ்வொரு பாட்டின் தலையிலும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தால் பின்னால் இவ்வளவு சண்டைக்கு இடமிருந்திராது. அது குறைதான். அதேசமயம், தம் பெயரை வைத்துக்கொண்டிருக்கக்கூடிய மெட்டுகளை மன்னரின் பெயரிலேயே விட்டுப்போன பெருந்தன்மையும் அதற்குள் இருக்கிறது. சொந்தப் பாட்டில் ஊர்ப்பெயரை மறக்காமல் பொறித்தவர் இங்கே தம் கையெழுத்தையே போடவில்லை.

மணி அடித்துச் சங்கீதம்

1936-ல் கோயில் நுழைவுப் பிரகடனம், 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், 1939-ல் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமி. மூன்றே வருஷத்தில் இந்த ஊரில் நடந்தவை இவை. மன்னரின் பாட்டுகளை மீட்டால் மட்டும் போதாது, அவற்றைப் பாடத் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வெளிவர வேண்டும் என்பது அகாடமியின் நோக்கம். தலைமை பாகவதருக்கு.

கல்லூரியில் சங்கீதம் வருமா என்று அந்தக் காலத்தில் பலர் சந்தேகப்பட்டார்கள். இன்றும் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. நாற்பத்தைந்து நிமிஷத்தில் மணி அடித்துவிட்டால் தோடி பாதியில் நிற்கும், பரீட்சைக்குப் பாடுகிறவன் வித்வான் ஆகமாட்டான் என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்கவேண்டும். குருவின் வீட்டில் ஒன்பது வருஷம் தங்க யாரால் முடியும்? குரு சேர்த்துக்கொள்ளும் குடும்பத்துப் பையனால் முடியும். பெண்ணால் முடியாது. வேறு சாதி, வேறு மதத்துப் பிள்ளைக்குக் கதவு திறப்பது கஷ்டம். கல்லூரி என்று வந்துவிட்டால் விண்ணப்பம் எழுதிப் போடலாம். குரல் சரியாக இருந்தால் இடம் கிடைக்கும்.

அப்படி விண்ணப்பம் போட்டுச் சேர்ந்த முதல் பெண், பாறசாலை பொன்னம்மாள். களியக்காவிளை எல்லையைத் தாண்டி பஸ் வரும்போது பாறசாலையைப் பார்க்காமல் நாம் யாரும் திருவனந்தபுரம் வந்ததில்லை. 1924-ல் அங்கே பிறந்த அந்தப் பெண், அகாடமியின் ஆரம்ப வருஷங்களிலேயே வந்து சேர்ந்து, பாகவதரிடமும் செம்மங்குடியிடமும் பாடம் கேட்டு, கானபூஷணம், கானப்ரவீணா பட்டங்களை முதலிடத்தில் வாங்கினார். பிறகு அங்கேயே ஆசிரியை ஆனார். அங்கே பாடம் சொன்ன முதல் பெண்ணும் அவரே.

பிற்காலத்தில் கொச்சிக் கோட்டையிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பையனும் இந்தக் கல்லூரியில் செம்மங்குடியிடம் படிக்க வந்தான். கையில் காசில்லாமல் படிப்பை முடிக்க முடியாமல் போயிற்று. அந்தப் பையன்தான் கே. ஜே. ஜேசுதாஸ். கதவு திறந்திருந்தது, ஆனால் சாப்பாட்டுக்கு வழி செய்துகொள்ள வேண்டியது அவரவர் பாடு என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

டாக்டர் பாகவதர்

பாடம் சொல்லிக்கொண்டும் பாட்டுத் தேடிக்கொண்டும் இருந்த காலத்திலேயே பாகவதர் சங்கீத கல்பத்ருமம் என்ற சாஸ்திர நூலை உருவாக்கினார். சங்கீதத்தின் இலக்கணத்தை எல்லாம் ஒரே மரத்தில் கிளை கிளையாகக் கட்டிக்காட்டும் முயற்சி. அதற்காகத் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1943-ல் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. சங்கீதத்துக்காக டாக்டர் பட்டம் பெற்ற முதல் வித்வான் இந்த நாட்டில் இவர்தான் என்று சொல்லுவார்கள். பத்து வயதில் ஊரை விட்டு ஓடி, கல்லூரிப் படியே ஏறாமல் குருவின் வீட்டில் வளர்ந்தவர்! தியாகராஜ சுவாமிகளின் வாழ்க்கையைச் சமஸ்கிருதத்தில் காவியமாகவும் எழுதியிருக்கிறார். மாமன் அடித்துச் சொல்லிக்கொடுத்தாரோ அன்பாகச் சொல்லிக்கொடுத்தாரோ, சின்ன வயதில் புகட்டிய சமஸ்கிருதம் வீண்போகவில்லை.

1945-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி மைசூரில் அவர் காலமானார். பிறந்தது தாமிரபரணிக் கரை, படித்தது காவிரிக் கரை, பிழைத்தது இரண்டு சமஸ்தானங்களில்.

அவருக்குப் பின் திருவனந்தபுரத்தில் அந்தப் பொறுப்பைச் செம்மங்குடி வகித்து, 1963-ல் தமக்கு ஐம்பத்தைந்து வயதானபோது ஜி. என். பாலசுப்பிரமணியத்திடம் கொடுத்தார். ஜி.என்.பி. அதிக நாள் இருக்கவில்லை, 1965-ல் மறைந்துவிட்டார். ஒரு நாற்காலியில் இப்படி மூன்று பெரியவர்கள் அடுத்தடுத்து அமர்ந்த கல்லூரி தென்னாட்டில் வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

நவராத்திரி மண்டபம்

பாகவதரின் கதையில் கடைசியாக ஒன்று பாக்கி. பத்மநாப சுவாமி கோயிலுக்கு அருகே, குதிரை மாளிகையை ஒட்டி நவராத்திரி மண்டபம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனை ஊர்வலமாக இங்கே எழுந்தருளச் செய்வார்கள். அது கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதீகம். கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரத்து அம்மனும் வருவார்கள். மூவரும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள்! ஒன்பது நாளும் அந்த மண்டபத்தில் கச்சேரி. முதல் நாள் சங்கராபரணம், அடுத்த நாள் கல்யாணி என்று ஒன்பது நாளைக்கும் சுவாதித் திருநாள் பாட்டுகள் முறைப்படுத்தப்பட்டிருக்கின்றன. எண்ணெய் விளக்கு வெளிச்சம். கூரையில் கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகள் ஒலியைச் சீர்செய்யும். கைதட்டக்கூடாது. அம்மனுக்காகப் பாடுவது, சபைக்காக அல்ல.

பாடுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். சரஸ்வதியே பெண் என்றாலும், பெண்கள் அந்த மண்டபத்தில் பாட அனுமதி இல்லை. பாகவதர் காலத்தில் இல்லை, செம்மங்குடி காலத்திலும் இல்லை. 2006-ம் ஆண்டு நவராத்திரியில்தான் அந்த வழக்கம் மாறியது. விளக்கு வெளிச்சத்தில், அம்மனுக்கு எதிரே தம்பூரா சுருதியில் உட்கார்ந்து பாடிய முதல் பெண், எண்பது வயதைத் தாண்டிய பாறசாலை பொன்னம்மாள். அகாடமியில் முத்தையா பாகவதர் சேர்த்துக்கொண்ட பெண்.